பதினெட்டாம் தேதிக்குள் அறிவு

“மாவட்ட வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்க முடிவு ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது. இந்த மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குள், நம் வட்டாரத்தில் மூன்று வயது நிரம்பாத இருநூற்றுப் பதினாறு குழந்தைகளும் அறிவில் தரமடைந்துவிடுவார்கள். விதிவிலக்கு கிடையாது. மாகாணத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஒத்துழைக்க வேண்டும். நேற்றுக் காணாமல் போன கோ வீட்டுக் கறுப்பு ஆடு கிடைத்துவிட்டது.”

சீஜுவாங் ஊர்க்கமிட்டிக் கம்பத்தில் கட்டியிருந்த நான்கு ஒலிபெருக்கிகளும் இதைக் காலை ஆறரை மணிக்கு மூன்று தடவை சொல்லின. மூன்றாவது தடவை சொல்லும்போது ஊர்ச் செயலாளர் எதையோ மென்றுகொண்டிருந்தார். ஆட்டுச் செய்தி வரைக்கும் மென்றார்.

ஹையான் அப்போது பசுமைக்குடிலின் மண்சுவர் ஓரம் நின்று, இரவுக் குளிருக்காகக் கூரைமேல் போர்த்தியிருந்த பஞ்சுப்பாயை மோட்டார் சுருட்டி மேலே இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பதினொன்றாம் தேதி. இன்னும் ஏழு நாள் இருந்தது. அவளுடைய மகள் மாய்மாய்க்கு இரண்டே முக்கால் வயது. இதுவரை பேசியது மூன்று வார்த்தை. ஏழு நாளில் தரமடைவது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை என்று ஹையான் கணக்குப் போடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அதற்கு நேர்மாறான ஒன்று.

விஷயம் இதுதான். ஹையான் நான்கு மாதக் கர்ப்பிணி. அவர்கள் தக்காளி போடும் குடில் கூட்டுறவுச் சங்கத்தின் குத்தகை. பருவத்தின் நடுவில் யாராவது வேலைக்கு வராமல் நின்றால் குத்தகை போய்விடும். ஆனால் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இருபத்து மூன்றாவது விதி என்று ஒன்று இருந்தது. முதல் குழந்தை அறிவில் தரமடையாதிருந்தால், அதன் தாய் அடுத்த பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகு ஆறு மாதமும், மருந்தடிக்கும் குடிலுக்குள் நுழைய வேண்டியதில்லை, குத்தகை தொடரும், சங்கமே ஓர் ஆளை அனுப்பும். வேறொரு மாவட்டத்தின் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது நீக்க மறந்துபோன விதி அது. அதற்கு அறிவு அலுவலகத்தின் சிவப்பு முத்திரை போட்ட ஒரு காகிதம் வேண்டும்.

ஆகவே, அந்த மாவட்டத்தில் தன் பிள்ளை தேறவில்லை என்று எழுதித் தரும்படி கேட்கப் புறப்பட்ட ஒரே தாய் ஹையான்தான்.

காகிதத்தைக் கேட்க அவளுக்கு நியாயமும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் மாய்மாய் வயிற்றில் இருந்தபோது, மாகாணத் தலைநகர் ஜினானிலிருந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, ஊரிலிருந்த கர்ப்பிணிகளிடமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் வாங்கிப் போனார்கள். உடம்பில் எவ்வளவு பூச்சிமருந்து இருக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். பிறக்கிற பிள்ளையின் மூளையை அது என்ன செய்கிறது என்று பிறகு பார்ப்பார்களாம். ஹையானுக்கு 0417 என்ற எண்ணும், ஒரு குளியல் துண்டும் கிடைத்தன. முடிவு வரவில்லை. துண்டு வெளுத்து, கிழிந்து, இப்போது மாய்மாய் பெட்டியின் அடியில் விரித்திருக்கிறது.

பெட்டி என்பது தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி. மாய்மாய் அதில்தான் வளர்ந்தாள். குடிலுக்கு வெளியே போஹாய்க் கடலிலிருந்து வரும் காற்று காதை அறுக்கும். உள்ளே இருபத்தெட்டு டிகிரி. எந்தத் தாயும் பிள்ளையை உள்ளேதான் வைத்துக்கொள்வாள்.

“போயிட்டு வா மாய்மாய் அம்மா,” என்றான் கணவன் சாங்குய், தெளிப்பானின் மூக்கை ஊதிப் பார்த்துக்கொண்டே. “ஆனா நாலு மணிக்குள்ள வந்துடு. மருந்தடிக்கணும். ஹோஸ் பிடிக்க ஆள் வேணும்.”

“நான் போறதே அந்த மருந்துக்குள்ள வராம இருக்கத்தான்.”

“தெரியுது. செடியில ஒட்டியிருக்கற வெள்ளை ஈக்குத் தெரியலையே.”

மாவட்ட அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கதவு இருந்தது. கதவின் இடப்பக்கம் ஒரு பலகை: பயிர்ப் பாதுகாப்பு மற்றும் பூச்சிமருந்துப் பரவல் நிலையம். வலப்பக்கம் இன்னொரு பலகை: குழந்தை அறிவுத் தரமடைதல் அலுவலகம். கதவு ஒன்றுதான். உள்ளே இருக்கும் ஐந்து பேரும் அதே ஐந்து பேர்தான். வெந்நீர்க் குடுவையும் பொது. செலவைக் குறைக்க இப்படி ஓர் அலுவலகத்துக்கு இரண்டு பலகை மாட்டுவது அங்கே வழக்கம். யாரும் அதை வேடிக்கையாக நினைப்பதில்லை.

ஹையான் மாய்மாயைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

“காலையில நாங்க பூச்சி, அக்கா,” என்றாள் எழுத்தர் லூ. இருபத்தைந்து வயதிருக்கும். நகத்துக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். “குழந்தைங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு.”

“குழந்தை இங்கயேதான் இருக்கு.”

“இருக்கட்டும். ரெண்டு மணிக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.”

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ஆவியப்பத்தைப் பிய்த்து மாய்மாய்க்கு ஊட்டினாள் ஹையான். பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் துவான் பச்சை ஜாக்கெட்டில் வெளியே வந்தார். அவளைப் பார்த்து, “எந்தப் பூச்சி?” என்று அக்கறையோடு கேட்டார். பிள்ளை விஷயம் என்றாள். “அப்படியா. அவர் ரெண்டு மணிக்கு வருவார்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இரண்டு மணிக்கு முயல் படம் போட்ட வெள்ளைக் கம்பளிச் சட்டையில் திரும்பி வந்து, “வாம்மா, ரொம்ப நேரமா காத்திருக்கியா?” என்றார்.

முதலில் லூ படிவத்தை நிரப்பினாள்.

“கர்ப்பமா இருந்தப்போ காய்கறி எங்கேருந்து?”

“எங்க சொந்த வரிசையிலேருந்து.”

ஒவ்வொரு குடிலிலும் வாசலை ஒட்டி இரண்டு பாத்தி வீட்டுக்கென்று விட்டிருப்பார்கள். அதற்கு மருந்தடிப்பதில்லை. பெரிய நகரங்களுக்குப் போகும் தக்காளி மற்ற எழுபது பாத்தியிலிருந்து, பாதுகாப்பானது என்று சான்று சொல்லும் பச்சை ஸ்டிக்கரோடு போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிவப்பு நைலான் கயிறு. மருந்து அந்தக் கயிறு வரைக்கும் வந்து, பார்த்து, திரும்பிப் போய்விடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“அப்போ பாதிப்பு பூஜ்யம்,” என்று எழுதினாள் லூ.

“ஆனா நான் நாள் முழுக்க குடிலுக்குள்ளதான் இருந்தேன். பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும். இவளும் பொறந்த நாப்பதாம் நாள்லேருந்து அங்கதான்.”

“படிவத்துல சாப்பாடுதான் இருக்கு. இருக்கிற எடம் இல்ல.”

“பின்னாடி பக்கம்?”

லூ திருப்பிப் பார்த்தாள். “பின்னாடி கையெழுத்து.”

பிறகு தேர்வு. நான்கு மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

“போன தடவை எட்டு இருந்துச்சே,” என்றாள் ஹையான்.

“எட்டு முந்தின வருஷம். போன வருஷம் ஆறு. இப்போ நாலு. கட்டையும் பெருசாக்கியிருக்கோம், கை நழுவாம இருக்க. நம்ம மாவட்டத்துத் தரத்தை நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்களை வெச்சுத்தானே போடணும்? எல்லாரும் ஒண்ணா எறங்கினா யாருமே கீழ இல்ல பாருங்க.”

“அடுத்த வருஷம்?”

“ரெண்டு. அதையும் ஒட்டியே குடுத்துடலாமான்னு பேசிட்டிருக்காங்க.”

மாய்மாய் கட்டைகளை அடுக்கவில்லை. தரையில் ஒரு சாண் இடைவெளி விட்டு வரிசையாக வைத்தாள். பிறகு குனிந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதையோ கிள்ளிப் போட்டாள். தக்காளிச் செடியில் அம்மா பக்கக் கிளையைக் கிள்ளுவது போல.

“அடுக்கல,” என்று எழுதினாள் லூ. “நட்டுட்டா. மாய்மாய்க் கண்ணு, மூக்கு எங்க? மூக்கைக் காட்டு.”

மாய்மாய் ஜன்னலைப் பார்த்தாள்.

“அவளுக்கு மூக்கு தெரியும்,” என்றாள் ஹையான், தன்னையறியாமல். “மருந்துக் கேன் மூடியைத் திறந்தா உடனே கையால பொத்திக்குவா. யாரும் சொல்லிக் குடுக்கல.”

“கேக்கறப்போ காட்டணும் அக்கா. தானா காட்டினா அது மதிப்பெண்ல வராது.”

முடிவு: தரமடையவில்லை. நீல மையில் எழுதியிருந்ததை ஹையான் இரண்டு தடவை படித்தாள். வேண்டியதுதான் கிடைத்திருந்தது. மூன்றாவது தடவை படிக்காமல் தாளை நீட்டினாள்.

தாளைப் பார்த்த இயக்குநர் துவான் முயல் சட்டையின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார்.

“தங்கச்சி, உட்காரு. நான் உன்கிட்ட மனசு விட்டுப் பேசுறேன். நம்ம மாவட்டத்துல தரமடையாத குழந்தைன்னு ஒண்ணு கிடையாது. கிடையாதுன்னு ஆண்டறிக்கையில அச்சாகிப்போச்சு. உன் பொண்ணு தரமடையலைன்னா அவ எந்த மாவட்டத்துப் பிள்ளைன்னு கேள்வி வரும். நான் உன்னை மிரட்டல. உன் பொண்ணோட முகவரி விஷயமா கவலைப்படறேன்.”

“எனக்கு அந்த விலக்குக் காகிதம் மட்டும் போதும், இயக்குநர் ஐயா. வயித்துல இருக்கறதுக்காவது.”

“தாராளமா. ஆனா உன் உடம்புல மருந்து எவ்வளவு இருந்ததுன்னு பயிர்ப் பாதுகாப்பு நிலையம் சொல்லணும். ஜினான்காரங்க முடிவையெல்லாம் அங்கதான் அனுப்பினாங்க.” அவர் ஒரு தாளை எடுத்து, மதிப்பிற்குரிய நிலைய இயக்குநர் அவர்களுக்கு என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதி, மடித்து, உறையிலிட்டு, தன் மேசையின் இடப்பக்கத் தட்டிலிருந்து வலப்பக்கத் தட்டில் வைத்தார். “பதினஞ்சு வேலை நாள் ஆகும்.”

“அந்த நிலையத்துக்கும் நீங்கதானே இயக்குநர்?”

“காலையில.”

“அப்போ நாளைக் காலையில வரட்டுமா?”

“வரலாம். ஆனா அந்த ஆளை அவசரப்படுத்த முடியாதும்மா.” குரலைத் தாழ்த்தினார். “ரொம்பக் கறாரான மனுஷன்.”

மறுநாள் காலையில் போனாள். பச்சை ஜாக்கெட்டில் இருந்தவர் உண்மையிலேயே கறாராக இருந்தார்.

பதினாறாம் தேதி பாங் அக்கா குடிலுக்கே வந்தாள். ஊர்க்கமிட்டியில் பெண்கள் விவகாரம் அவள் பொறுப்பு. ஐந்து நாளாகக் கமிட்டி மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, ‘மூக்கு’ என்றதும் மூக்கைத் தொடப் பழக்கியதில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போது ஊர்ப் பிள்ளைகள் என்ன கேட்டாலும் மூக்கைத் தொட்டார்கள். உன் பேர் என்ன என்றாலும் மூக்கைத்தான் தொட்டார்கள். மாய்மாய் மட்டும் பழகவில்லை.

“நான் சுத்தி வளைக்கல ஹையான். பதினெட்டாம் தேதி உன் மடியில வேற பிள்ளையை உட்கார வெக்கப்போறோம்.”

ஹையான் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“யாரோட பிள்ளை?”

“இயக்குநரோட பேத்தி. யூயூ. பட்டணத்துல நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகுது. பத்துக் கட்டை அடுக்குமாம். ஒரு மணி நேரந்தான்டி. ஒரு பிள்ளை தேறலேன்னாலும் ஊருக்கே பச்சை ஸ்டிக்கர் போயிடும். ஸ்டிக்கர் போனா தக்காளியை நாமளே உக்காந்து தின்ன வேண்டியதுதான்.” சொல்லிவிட்டு எழுபது பாத்தியையும் ஒரு தடவை பார்த்தாள். “அந்தப் பக்கத்தைத் திங்க எனக்குத் தைரியம் இல்ல.”

“என் காகிதம்?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். குழு போனதும் உன் பொண்ணோட நெஜத் தாளை உள்ள வெச்சு முத்திரை குத்தித் தந்துடறேன்னு இயக்குநரே வாய்விட்டுச் சொல்லியிருக்காரு.”

“காலையில சொன்னாரா, மத்தியானமா?”

பாங் அக்கா யோசித்தாள். “சாயங்காலம் போன் பண்ணினாரு.”

பதினெட்டாம் தேதி மாவட்ட மண்டபத்தில் சிவப்புத் துணியில் வாசகங்கள் தொங்கின. தாய்மார்கள் எண் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹையானின் மடியில் மஞ்சள் சட்டை போட்ட யூயூ இருந்தாள். நன்றாகக் கனத்தாள். தலையில் ஸ்ட்ராபெரி வாசனை. மாய்மாய் அந்த நேரம் சாங்குய்யோடு குடிலில் பெட்டிக்குள் இருந்தாள்.

மாகாணத்திலிருந்து வந்த பேராசிரியர் யென் மெலிந்த மனிதர். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். 0417க்கு வந்ததும் நின்று, கண்ணாடியைத் தூக்கிப் பட்டியலையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

யூயூ பத்துக் கட்டைகளை அடுக்கினாள். மூக்கு, காது, முழங்கை, கணுக்கால் எல்லாம் காட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, “இந்தச் சித்தி கை ஏன் பச்சையா இருக்கு?” என்றாள்.

ஹையான் கையைப் பார்த்தாள். தக்காளிப் பால் ஏறி ரேகையெல்லாம் பச்சைக் கறுப்பாக இருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாது.

“அம்மாவைச் சித்தின்னு கூப்பிடுதே?” என்றார் பேராசிரியர்.

“நிறத்தைக் கவனிக்குது, பாருங்க,” என்றார் இயக்குநர் துவான். முற்பகல்தான் என்றாலும், விழா என்பதால் பச்சை ஜாக்கெட்டுக்குள் முயல் சட்டையும் போட்டிருந்தார். “உறவு முறையிலேயே பல வார்த்தை தெரியுது.”

பேராசிரியர் குறித்துக்கொண்டு ஹையானிடம் கேட்டார். “பிள்ளை பகல்ல எங்கம்மா இருக்கும்?”

“குடிலுக்குள்ளதான். பெட்டியில.”

“மருந்தடிக்கும்போதும்?”

“அடிக்கும்போதும்.”

“இந்தப் பிள்ளையா?”

பேராசிரியரின் பார்வை யூயூவின் வெள்ளைக் காலணியில் இருந்தது. ஒரு பொட்டு மண் கிடையாது. முன்வரிசையில் பாங் அக்கா இருமினாள். ஸ்டிக்கர், ஊர், காகிதம் என்று ஹையானின் தலைக்குள் மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

“0417,” என்றாள் ஹையான்.

அது பொய்யில்லை. பேராசிரியர் சற்று நேரம் காத்திருந்தார். அவள் யூயூவின் சட்டையை இழுத்துவிட்டாள். அவருக்கு மூன்றேகாலுக்கு ரயில். குறித்துக்கொண்டு 0418க்குப் போனார். 0418 பெயரைக் கேட்டதும் மூக்கைத் தொட்டது.

முடிவில் இயக்குநர் துவான் பேசினார்.

“பூச்சியும் குழந்தையும் எதிரெதிர் விஷயங்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் இரண்டையும் இருபது வருடமாகக் கவனித்து வருகிறேன். காலையில் பூச்சி, பிற்பகலில் குழந்தை. எனக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. நம் மருந்து எந்தப் பூச்சியின் நரம்பைத் தாக்கி அதை ஆடாமல் அசையாமல் படுக்க வைக்கிறதோ, அந்தப் பூச்சிக்குப் படிப்பறிவு கிடையாது. நம் குழந்தைகளுக்கு அறிவு இருக்கிறது. ஆகவே அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள். யாராவது ஆடாமல் அசையாமல் இருந்தால் அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.”

கைதட்டினார்கள். யூயூ, “தாத்தா” என்று கத்திக்கொண்டு மேடைக்கு ஓடினாள். எல்லாக் குழந்தைகளும் இயக்குநரைத் தாத்தா என்றே அழைப்பதாக அறிவிப்பாளர் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

நாலு நாள் கழித்து, மதியம் இரண்டரை மணிக்கு, ஹையான் மூன்றாம் மாடிக்குப் போனாள். லூ ஒரு காகிதத்தைத் தயாராக வைத்திருந்தாள். சிவப்பு முத்திரை வட்டமாக, அழகாக விழுந்திருந்தது.

‘தாய் எண் 0417. கருக்காலத்தில் உடலில் பூச்சிமருந்தின் அளவு: மாவட்டத்திலேயே அதிகம். குழந்தையின் அறிவு மதிப்பெண்: மாவட்டத்திலேயே அதிகம். முடிவு: இருபத்து மூன்றாம் விதியின்படி விலக்கு தேவைப்படவில்லை.’

மூன்று வருடமாக அவள் காத்திருந்த முடிவு அது. முதல் வரி அவளுடையது. இரண்டாவது வரி யூயூவினுடையது. மூன்றாவது வரி மறுபடியும் அவளுடையது.

“நெஜத் தாளை உள்ள வெக்கறேன்னாரே,” என்றாள்.

“வெச்சார் அக்கா, பாவம். ஆனா ஒரு எண்ணுக்கு ஒரு தாள்தான் கணினி எடுக்குது. நெறைய மதிப்பெண் இருக்கறதை எடுத்துக்கிச்சு.” லூ தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒரு தடவை முழுக்கப் படித்தாள். அவளுடைய இளஞ்சிவப்பு நகம் முதல் வரியில் நின்றது. “மாவட்டத்துலயே அதிகம்னா… அக்கா, உங்களுக்கு இப்போ எத்தனை மாசம்?”

“நாலு.”

லூ உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து வைத்தாள். மூடியில் 0623 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு குளியல் துண்டு. “ஜினான்காரங்க ரெண்டாவது சுத்து ஆரம்பிக்கிறாங்க. உங்களைக் கண்டிப்பா சேர்க்கச் சொன்னாங்க. இந்தத் தடவை துண்டு நல்ல துணி.”

அதோடு, மாவட்டத்தின் முதல் அறிவுக் குடும்பம் என்பதற்காக, பயிர்ப் பாதுகாப்பு நிலையத்தின் சார்பில் இருபது லிட்டர் மின்தெளிப்பான் ஒன்றும் வந்தது. அதைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து மாலை நான்கு மணிக்கு சாங்குய் குடிலின் காற்றுத்துளைகளை மூடினான். புதுத் தெளிப்பானைத் தோளில் மாட்டிப் பார்த்தான்.

“காகிதத்துல என்னதான் போட்டிருக்கு, சரியா சொல்லு.”

“நாம முதல்னு போட்டிருக்கு.”

“எதுல?”

“ரெண்டுலயும்.”

அவன் தெளிப்பானின் வாரை இறுக்கினான். “நீ வேணா வாசல் பக்கம் நில்லு. நம்ம வரிசை பக்கமா. கயித்துக்கு அந்தாண்ட.”

ஹையான் சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். மாய்மாயின் பெட்டியையும் இழுத்து வைத்துக்கொண்டாள். அடியில் புதுத் துண்டு விரித்திருந்தாள். வெளியே ஒலிபெருக்கி, இருநூற்றுப் பதினாறு பேரும் தரமடைந்த செய்தியை மாலை ஒலிபரப்பில் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது.

சாங்குய் மருந்துக் கேனின் மூடியைத் திருகித் திறந்தான்.

மாய்மாய் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒலிபெருக்கி கோ வீட்டு ஆடு மறுபடியும் காணவில்லை என்றது.

தேர்வு முடிந்துவிட்டிருந்ததால் மூக்கைப் பொத்தியதற்கு மதிப்பெண் இல்லை.